நாளை வெள்ளிக்கிழமை

சென்ற வாரம் நான் இங்கே போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து அத்தை அழைத்தார். படத்தில் அப்பா லண்டனில் ஒரு பப்பின் உள்ளே, கையில் தாளும் பென்சிலுமாக, சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பீர்க் குழாய்கள் வரிசையாகத் தெரிகின்றன. "அண்ணனைப் போய் அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாயே, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தப்பட்டுத்தான் கேட்டார். தொலைபேசியில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அத்தை படிப்பார்.

அவருடைய வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் மதுக்கடை என்றால் கம்பிக்கு வெளியே நீளும் கைகள், பெண்கள் தலைகுனிந்து வேகமாகக் கடக்கும் தெரு. அந்தக் கடையால் அழிந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் லண்டனில் பப் என்பது வேறோர் இடம். பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம் அது. பொது வீடு என்று பொருள். குடிக்காதவரும் உள்ளே போகலாம், மதியச் சாப்பாடு சாப்பிடலாம், ஒரு காப்பியை வைத்துக்கொண்டு பத்திரிகை படிக்கலாம். இந்த நகரத்தில் பல கட்டடங்களுக்குள் நுழைய டிக்கெட்டோ அடையாள அட்டையோ அழைப்போ வேண்டும். ஊர் பேர் தெரியாதவர்களான நாம் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையக்கூடிய பழைய கட்டடங்களில் எனக்கு உடனே நினைவுக்கு வருபவை இரண்டு வகை. ஒன்று தேவாலயம், இன்னொன்று பப்.

நாங்கள் போனது வினாடி வினா நடை. பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி, நான்கு பப்புகள், இரண்டு மைலுக்கும் குறைவான தூரம், மூன்றரை மணி நேரம். நான்கு பேருக்கு ஓர் அணி. அணிக்கு ஒரு கேள்வித்தாள். கைப்பேசியில் விடை தேடக் கூடாது. விடை சுவரில் இருக்கும், கண்ணாடியில் இருக்கும், கூரையில் இருக்கும், தெருமுனைக் கல்லில் இருக்கும். தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது கண்டதை வைத்து யோசிக்க வேண்டும். கட்டணத்தில் மது சேராது. வேண்டியவர் வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். அப்பா நான்கு இடங்களிலும் இஞ்சி பீர் குடித்தார். பெயரில்தான் பீர், அதில் மது கிடையாது. நான் ஓரிடத்தில் அரை பைண்ட் வாங்கினேன், 284 மில்லி. அத்தையிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு நகரத்தை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒன்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாடி திறந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அப்பாவையும் முதல் வாரம் அப்படித்தான் ஏற்றினேன். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். என்னப்பா பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நிறையப் பார்த்தோம் அம்மா" என்றார். அவ்வளவுதான். அவர் எதையும் கேட்கவில்லை, அவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள், அதனால் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அதே மனிதரின் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது.

முதல் இடம் பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பிளாக் ஃபிரையர். ஆப்பு வடிவத்தில் ஒடுங்கி நிற்கும் கட்டடம். நுழைவாயிலுக்கு மேலே கறுப்பு அங்கி அணிந்த பருத்த துறவி ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில் ஒரு காலத்தில் தோமினிக்கன் துறவிகளின் மடம் இருந்தது. அவர்களுடைய கறுப்பு மேலங்கியால்தான் வட்டாரத்துக்கே அந்தப் பெயர். 1905 வாக்கில் இந்தப் பப்பை அழகுபடுத்தியவர்கள் மடத்தின் நினைவாகச் சுவரெங்கும் துறவிகளைச் செதுக்கி நிரப்பிவிட்டார்கள். நிறம் நிறமான பளிங்கு, செம்புப் புடைப்புச் சிற்பங்கள், பொன்னிற ஓட்டுச் சித்திரம். 1960-களில் இதை இடித்துவிடப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்று நடத்திய போராட்டத்தால் தப்பியது. இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு.

எங்கள் தாளில் முதல் கேள்வி: "வலையோடும் கூடையோடும் நிற்கும் துறவிகளைக் கண்டுபிடியுங்கள். அவர்களுக்கு இன்று என்ன கிழமை?"

பன்னிரண்டு பேரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சுற்றினோம். அப்பாதான் கண்டுபிடித்தார். ஒரு வளைவுக்கு மேலே, செம்பில் புடைத்து நிற்கும் துறவிகள் மீனும் விலாங்கும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் ஒரு வரி: நாளை வெள்ளிக்கிழமை. எங்கள் அணியில் நார்வேயிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அப்பா உடனே, "அப்படியானால் இன்று வியாழன். வெள்ளியன்று இறைச்சி சாப்பிடக் கூடாது, மீன் சாப்பிடலாம். அதனால் முந்தின நாளே பிடித்து வைக்கிறார்கள்" என்றார். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டார்கள். "என் பக்கத்து வீட்டில் அப்படித்தான்" என்றார் அப்பா. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் கத்தோலிக்க வீடுகள். தவக்கால வெள்ளிகளில் எந்த அடுப்பிலிருந்து என்ன வாசனை வராது என்பது எங்களுக்குத் தெரியும். அதை வைத்து லண்டன் சுவர் ஒன்றைப் படிக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அத்தை, நீங்கள் பார்த்த படம் அந்த நிமிடத்தில் எடுத்தது.

அங்கிருந்து ஃப்ளீட் தெருவுக்கு நடந்தோம். வழியில் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது எதன் மேல் நடக்கிறீர்கள்?" யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளீட் என்பது ஓர் ஆறு. சாக்கடையாகிப்போன அதை மூடி மேலே தெரு போட்டுவிட்டார்கள். இன்றும் அடியில் ஓடித் தேம்ஸில் கலக்கிறது. எத்தனையோ முறை அந்தச் சாலையைக் கடந்திருக்கிறேன், ஆற்றைக் கடக்கிறேன் என்று தெரியாமல்.

இரண்டாவது இடமான செஷர் சீஸ் ஒரு சந்துக்குள் இருக்கிறது. லண்டனைப் பொசுக்கிய 1666 பெருந்தீயில் எரிந்து, மறு ஆண்டே எழுந்த கட்டடம். வாசலில் ஒரு பலகை. அந்த வீடு நிற்கத் தொடங்கியது முதல் ஆண்ட அரசர்கள், அரசிகளின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. முதல் பெயர் யாருடையது, ஏன் அவரில் தொடங்குகிறது என்பது கேள்வி. இரண்டாம் சார்லஸ். 1667-இல் அவர்தான் அரசர். உள்ளே பகலிலும் இருட்டு. இங்கே வாழ்ந்த பாலி என்ற கிளி 1926-இல் இறந்தபோது நாளிதழ்கள் இரங்கல் செய்தி வெளியிட்டன. அப்பாவுக்குக் கிளியைவிட, அடுத்துப் பார்த்த பூனைதான் பிடித்தது. சந்துகள் வழியாகப் போனால் கஃப் சதுக்கம். 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் வாழ்ந்த வீடு அங்கே. எதிரே அவருடைய பூனை ஹாட்ஜுக்கு வெண்கலச் சிலை. அகராதியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, காலடியில் சிப்பி ஓடுகள். பூனைக்கு எப்படிச் சிப்பி கிடைத்தது? அந்தக் காலத்தில் சிப்பி ஏழைகளின் உணவு, மலிவு. வேலைக்காரர்களை அனுப்பினால் அவர்களுக்குப் பூனையின் மேல் வெறுப்பு வந்துவிடும் என்று அவரே போய் வாங்கி வருவாராம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜான்சன் செஷர் சீஸில்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பார் என்று பலரும் சொல்வார்கள். எங்கள் வழிகாட்டி, "அவர் வீடு இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் வந்திருக்கலாம். வந்தார் என்று அவர் காலத்தவர் யாரும் எழுதி வைக்கவில்லை" என்றார். அறுபதைக் கடந்த அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு அந்த இடத்தில் பெரிய மரியாதை வந்தது. கதையை உண்மையென்று விற்றுவிடுவது இந்தத் தொழிலில் எளிது.

மூன்றாவது, ஹாட்டன் கார்டன் நகைக்கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் அகலத்துச் சந்தில் இருக்கும் ஓல்ட் மைட்டர். 1546-இல் ஈலி ஆயரின் மாளிகைப் பணியாளர்களுக்காகத் தொடங்கியது, இப்போதைய கட்டடம் பிந்தியது. மூலையில் கண்ணாடிக்குப் பின்னே ஒரு செர்ரி மரத்தின் அடிமரம். முதலாம் எலிசபெத் அதைச் சுற்றி ஆடினார் என்பது கதை, கதை என்றே சொன்னார்கள். எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. என் பழைய அலுவலகம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. நான்கு ஆண்டுகள் அந்தச் சந்தின் வாயைத் தினமும் இரண்டு முறை கடந்திருக்கிறேன். ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். பப் நடை என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்தில் தோழிகளோடு ஒன்றுக்குப் போனேன். மூன்று மணி நேரத்தில் ஏழு பப்புகள். ஒவ்வொரு வாசலிலும் இலவசமாக ஒரு சிறு கிண்ணம் சாராயம். கேள்விகள் எல்லாம் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியவை, எந்த ஊரில் உட்கார்ந்தும் கேட்கக்கூடியவை. நான்காவது பப்பில் ஒரு பெண் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், நடத்தியவர்கள் அவளை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பினார்கள். இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்புத் தெருவில் கூச்சல். மாடியில் ஒரு முதியவர் சன்னலைத் திறந்து எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த நகரத்தைப் பற்றி எனக்கு அன்று தெரிந்துகொள்ள எதுவும் கிடைக்கவில்லை. அத்தை பயப்படுவது இதைத்தான் என்றால், அவர் பயம் நியாயமானது.

அதனால் போக நினைப்பவர்களுக்கு: நான்கு இடங்களுக்கு மேல் சொன்னால் போகாதீர்கள். கட்டணத்தில் மது சேர்த்திருந்தால் போகாதீர்கள். சுவரைப் பார்க்காமலேயே விடை சொல்லக்கூடிய கேள்வி என்றால், வீட்டிலேயே இருக்கலாம். வெள்ளி மாலையைத் தவிருங்கள், நிற்கவே இடம் இருக்காது. வார நாளில் நான்கு மணிக்குக் கிளம்புவது நல்லது, கூட்டமில்லாத அந்த நேரத்தில் வரும் பன்னிரண்டு பேரைக் கடைக்காரர்களும் விரும்பி வரவேற்கிறார்கள். ஓல்ட் மைட்டர் சனி ஞாயிறுகளில் மூடியிருக்கலாம், விசாரித்துவிட்டுப் போங்கள்.

நான்காவது இடம் வயடக்ட் டேவர்ன். 1869-இல் திறந்தது என்று வாசலிலேயே வழிகாட்டி சொன்னார். ஹோபர்ன் மேம்பாலத்தை விக்டோரியா அரசி திறந்து வைத்த அதே ஆண்டு. எதிரே இப்போது ஓல்ட் பெய்லி நீதிமன்றம். முன்பு அங்கே நியூகேட் சிறை இருந்தது, அதன் வாசலில் ஊர் பார்க்கத் தூக்கிலிடுவார்கள். கேள்வி: "இந்தப் பப்பில் உட்கார்ந்து அதை யாரும் பார்த்திருக்க முடியுமா?" எல்லா அணியும் முடியும் என்று எழுதியது, நாங்களும்தான். முடியாது. இங்கிலாந்தில் பொது இடத்தில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1868 மே மாதம், அதே சிறைவாசலில். கதவு திறந்தது அடுத்த ஆண்டு. இரண்டு ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நாங்கள் வைக்கவில்லை. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு கடைசிக்கு முந்தின கேள்வி வந்தது. உள்ளே கல்லாவுக்குப் பின்னால், மரச்சட்டமும் பூ வேலை செய்த கண்ணாடியுமாக ஒரு சிறு கூண்டு. ஒரே ஓர் ஆள் உட்காரலாம். இது எதற்கு? நார்வேக்காரர் தொலைபேசிக் கூண்டு என்றார். இன்னோர் அணி பாவசங்கீர்த்தனக் கூண்டு என்று எழுதியது. அப்பா கிட்டே போய், கை வைக்காமல், கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து தமிழில், மெதுவாக, "கேஷியர்" என்றார்.

முப்பத்தோர் ஆண்டுகள் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர் என் அப்பா. கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்த முதுகு அது. சரியான விடை. ஜின் என்ற மது விற்ற அந்தக் காலத்துக் கடைகளில் பரிமாறுபவர்கள் கையில் காசு புழங்குவதை முதலாளிகள் நம்பவில்லையாம். கூண்டுக்குள் வீட்டுக்காரி உட்கார்ந்து காசை வாங்கிக்கொண்டு வில்லை கொடுப்பாள், வில்லையைக் காட்டினால்தான் ஜின். வழிகாட்டி விளக்கி முடித்ததும் அப்பா அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "இரவில் கணக்கு ஒரு காசு குறைந்தால், அவள் தன் கையிலிருந்து போட வேண்டுமா?" அந்தப் பெண்மணி சிறிது நேரம் யோசித்தார். இத்தனை ஆண்டுகளில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். தன் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

கடைசிக் கேள்வி தெருவில். கில்ட்ஸ்பர் தெருவும் காக் சந்தும் சேரும் மூலையில், சுவரில் உயரத்தில், பொன் பூசிய கொழுத்த சிறுவன் ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பெருந்தீ ஓய்ந்த இடம் அது, பை கார்னர். தீ மூண்டது புட்டிங் சந்தில், ஒரு ரொட்டிக்காரரின் அடுப்பில். இந்த இரு பெயர்களையும் வைத்து, தீ எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று மக்கள் நம்பினார்கள் என்று சொல்ல வேண்டும். புட்டிங் என்ற தின்பண்டத்தில் தொடங்கிப் பை என்ற தின்பண்டத்தில் முடிந்ததால் பெருந்தீனி. புட்டிங் என்பது அந்தக் காலத்தில் விலங்குகளின் குடலைக் குறித்தது என்று வழிகாட்டி சொன்னார், ஆனாலும் மக்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அந்த மூலையிலும் 1910 வரை ஒரு பப் இருந்திருக்கிறது. பக்கத்து மருத்துவமனையின் அறுவை மருத்துவர்களுக்காகப் பிணம் திருடுபவர்கள் அங்கேதான் உடல்களை வைத்துக் காட்டுவார்களாம்.

நாங்கள் இரண்டாவதாக வந்தோம். எல்லோரும் கைகுலுக்கிவிட்டுக் கலைந்தார்கள். நான் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா இன்னும் சிறுவனுக்குக் கீழே நின்று கல்வெட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். இருட்டத் தொடங்கியிருந்தது. "டார்ச் அடி அம்மா, இன்னும் நாலு வரி இருக்கிறது" என்றார்.