வால் பி

(மேஜை மேல் செல்போன் ஸ்பீக்கரில் கிடக்கிறது. லேப்டாப் முன்னால் அப்பா, மூக்கு நுனியில் கண்ணாடி. மறுமுனையில் மகள், ஆபீஸ் வேலைக்கு நடுவே.)

அப்பா: அம்மா, வேலையாக இருக்கிறாயா?

மகள்: ஆமாம்பா, சொல்லுங்கள்.

அப்பா: அப்படியானால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு கேம் வாங்கினேன்.

மகள்: யார், நீங்களா? கீபோர்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிய அதே அப்பாவா?

அப்பா: அது உன் பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம். எனக்கு இப்போது என்ன பரீட்சை? டிராக்டர் ஓட்டுகிற கேம்மா. உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். ஆனால் மூன்று மணி நேரமாகப் போராடுகிறேன், டிராக்டரின் சக்கரத்தைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்தால் டிஸ்க்கே இல்லை. ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது.

மகள்: இப்போது அப்படித்தான் வருகிறது. டிஸ்க் இருந்தாலும் உங்கள் லேப்டாப்பில் எங்கே போடுவீர்கள்?

அப்பா: அதையும் நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டேன். ஒரு ஓட்டையில் சூடாகக் காற்று வருகிறது, அவ்வளவுதான். சரி, சீட்டில் எழுதியிருந்தபடி ஏதோ ஒரு புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றினேன். சர்வருடன் இணைக்க முடியவில்லை என்கிறது.

மகள்: அந்த லேப்டாப் எத்தனை மாதமாகச் சும்மா கிடந்தது? மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

அப்பா: ஜனவரி 1, 2015.

மகள்: அதுதான். சர்வர் தன் பாதுகாப்புச் சான்றிதழை நீட்டுகிறது. உங்கள் லேப்டாப் 2015-ல் உட்கார்ந்துகொண்டு, 'இது இன்னும் அமலுக்கே வரவில்லையே' என்று திருப்பி அனுப்புகிறது. தேதியைச் சரிசெய்யுங்கள்.

(தேதி சரியாகிறது. அப்பா ஒரு கணக்கு தொடங்குகிறார். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் கேட்கிறார்கள். ஆச்சரியத்துக்குக் குறைவே இல்லை. இந்தப் பகுதியை எழுதினால் உங்களுக்கும் அலுக்கும், விட்டுவிடுவோம்.)

மகள்: இப்போது சீட்டில் இருக்கிற ரகசியக் குறியீட்டை, அந்தக் கோடைப் போடுங்கள். மேலே வெள்ளி மாதிரி பூச்சு இருந்திருக்குமே, எதை வைத்துச் சுரண்டினீர்கள்?

அப்பா: பீரோ சாவியால்.

மகள்: அதே பீரோவா? சரி, வாசியுங்கள். நான் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அப்பா: எக்ஸ்... ஏழு... பி...

மகள்: எந்த பி?

அப்பா: பி என்றால் பி. அதில் என்ன எந்த பி?

மகள்: ஆங்கிலத்தில் இரண்டு இருக்கிறதுப்பா. நம்மிடம்தான் ஒரே எழுத்து. ஏதாவது ஒரு சொல்லை வைத்துச் சொல்லுங்கள்.

அப்பா: பாம்பு.

மகள்: பாம்பில் இரண்டும் இருக்கிறதே! தலைப் பக்கமா, வால் பக்கமா?

அப்பா: (தனக்குள்) பா... ம்பு. பா... ம்பு. அட! இத்தனை வருடமாகப் பாம்பு பாம்பு என்கிறேன், இரண்டும் வேறு வேறு சத்தம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. வால் பி.

மகள்: அடுத்து?

அப்பா: டி. கேட்காதே, நானே சொல்கிறேன். பெட்டியில் வருகிற டி இல்லை, வண்டியில் வருகிற டி. அப்புறம் ஒரு ஓ. இல்லை, சைபர்.

மகள்: உருண்டையா, ஒல்லியா?

அப்பா: நடுத்தரமான உடம்பு.

மகள்: விண்டோஸைத் திறக்கிற கோடுக்கும் சாவி என்றுதான் பெயர். அந்தச் சாவியில் 25 எழுத்து இருந்தாலும் ஓவும் வராது, சைபரும் வராது. ஆளைக் குழப்பும் என்று முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். உங்கள் கேம்காரர்களுக்கு அந்த இரக்கம் இல்லை. சரி, இரண்டையும் போட்டுப் பார்ப்போம். கடைசி எழுத்து?

அப்பா: தலை பி. ஆனால்...

மகள்: என்ன ஆனால்?

அப்பா: சாவி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அது தலை பியா, கால் உடைந்த ஆரா என்று சந்தேகமாக இருக்கிறது.

(ஓவோடு தலை பி. சைபரோடு தலை பி. நடுவில், யாரும் கேட்காமலே, அப்பா சொந்தமாக ஒரு வால் பி. திரை சிவக்கிறது.)

அப்பா: 'பல முறை தவறாக உள்ளிட்டீர்கள், சிறிது நேரம் கழித்து முயலவும்' என்கிறது. என் பொருளைத் தொட எனக்கே தடையா?

மகள்: காத்திருக்க வேண்டியதுதான். வேறு யாராவது குருட்டாம்போக்கில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுத் திருடக் கூடாது இல்லையா?

அப்பா: திருடன் ஒருவன்கூட இப்படி மூன்று மணி நேரம் உட்கார மாட்டான். எங்கள் காலத்தில் கேமோடு ஒரு கையேடு வரும். 'ஏழாம் பக்கம், மூன்றாம் வரி, நான்காம் சொல் என்ன?' என்று கேட்கும். பார்த்து அடித்தால் திறந்துவிடும். கையேடு தொலைந்தால் சிநேகிதன் வீட்டுக்கு ஓடினால் போதும். இவர்களுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி?

மகள்: 2004-ல் ஹாஃப்-லைஃப் 2 என்கிற கேம் வந்தபோது, கடையில் பெட்டியாக வாங்கியவர்களும் ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையில் கணக்கு தொடங்கி அதில் பதிய வேண்டியிருந்தது. 2008-ல் ஸ்போர் என்று ஒன்று. ஒரு சாவி மூன்று கணினிக்குத்தான் என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்துப்போய் சண்டை போட்ட பிறகு ஐந்தாக ஏற்றினார்கள்.

அப்பா: ஐந்து! டிராக்டர் வாங்கினால் இத்தனை வயலில்தான் உழலாம் என்று யாராவது சொல்வார்களா?

மகள்: நீங்கள் டிராக்டர் வாங்கவே இல்லைப்பா. ஓட்டிக்கொள்ள அனுமதிதான் வாங்கியிருக்கிறீர்கள். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினீர்களே, அதில் எழுதியிருக்கும்.

அப்பா: அதை யார் படித்தது?

மகள்: யாரும் படிப்பதில்லை. அதனால்தான் கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம். இணையத்தில் இதையெல்லாம் விற்கிறவர்கள் 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், இது உரிமம் மட்டும்தான் என்று பளிச்சென்று சொல்லவும் வேண்டும்.

அப்பா: அடப் பாவிகளா. சரி, நேரம் முடிந்துவிட்டது. என்ன போடட்டும்?

மகள்: சைபர். கடைசியில் கால் உடைந்த ஆர்.

(ஒற்றை விரலால் பதினைந்து எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கீபோர்டைக் குனிந்து பார்க்கிறார், ஒரு முறை திரையை நிமிர்ந்து பார்க்கிறார்.)

அப்பா: அம்மா! எவனோ திருடிவிட்டான்! 'இந்தக் கோடு ஏற்கெனவே வேறொரு கணக்கில் பயன்படுத்தப்பட்டது' என்று வருகிறது!

மகள்: பதறாதீர்கள். காலையில் இந்தச் சீட்டை வைத்து வேறு ஏதாவது செய்தீர்களா?

அப்பா: ஒன்றும் இல்லை. ஓரத்தில் கறுப்புக் கட்டம் ஒன்று இருந்தது, அதைச் செல்போனில் படம் பிடித்தேன். அது ஒரு கணக்கு தொடங்கச் சொன்னது, தொடங்கினேன். அப்புறம் திரை முழுக்க வண்ணக் காகிதமாகப் பறந்தது. விளம்பரம் என்று மூடிவிட்டேன்.

மகள்: அப்பா, அது விளம்பரம் இல்லை. உங்கள் கேம் ஆக்டிவேட் ஆன கொண்டாட்டம்.

அப்பா: அப்படியா? அதற்கப்புறம் உன் பெற்றோரைக் கூப்பிடு என்று சொன்னதே!

மகள்: பெற்றோரையா? பிறந்த தேதி என்ன போட்டீர்கள்?

அப்பா: அங்கே முன்னாலேயே ஒரு தேதி இருந்தது. நான் பிறந்த வருடத்துக்குப் போக விரலால் தள்ளித் தள்ளி வலித்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

மகள்: அது இன்றைய தேதி. அதாவது, இன்று காலையில் பிறந்த குழந்தை ஒன்று டிராக்டர் வைத்திருக்கிறது.

அப்பா: பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று வேறு போட்டிருக்கிறது. மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமா?

மகள்: வாடிக்கையாளர் சேவைக்கு எழுதலாம். புகார் எண் ஒன்று தருவார்கள். அதைச் சீட்டின் மேல் பேனாவால் எழுதி, கோடும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பதில் வர நாலைந்து நாள் ஆகலாம்.

அப்பா: காசு கொடுத்தவனை நம்பர் எழுதிப் படம் பிடிப்பார்களா? அது போலீஸ் ஸ்டேஷனில் செய்கிற வேலை இல்லையா? வேறு வழி சொல்லு.

மகள்: பெற்றோர் அனுமதி வாங்கிவிட்டால் இப்போதே திறந்துவிடும்.

அப்பா: எங்கப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அனுமதி கேட்க நான்தான் மேலே போக வேண்டும்.

மகள்: அவ்வளவு தூரம் வேண்டாம். பெற்றோரின் மின்னஞ்சல் என்கிற இடத்தில் என்னுடையதைப் போடுங்கள்.

அப்பா: நீ எனக்கு அம்மாவா?

மகள்: போனை எடுத்ததிலிருந்து வேறு எப்படிக் கூப்பிட்டீர்கள்?

(அப்பா மறுப்பதற்கு வாயைத் திறக்கிறார். 'இல்லைம்மா' என்றுதான் வருகிறது. மின்னஞ்சலைத் தட்டுகிறார்.)

மகள்: வந்துவிட்டது. 'உங்கள் குழந்தை விளையாட விரும்புகிறது.' அனுமதித்துவிட்டேன். வயது வரம்பையும் தளர்த்தியாயிற்று. கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது... 'தினசரி விளையாட்டு நேரம்'.

அப்பா: அதை அப்படியே விட்டுவிடும்மா.

மகள்: பீரோ சாவி ஞாபகம் வருகிறதுப்பா.

அப்பா: உன் நல்லதுக்குத்தானே செய்தேன்!

மகள்: நானும் அதற்குத்தான் செய்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்.

அப்பா: பாதி வயலில் நின்றுவிட்டால்?

மகள்: மீதியை மறுநாள் உழுங்கள். இப்போது திரையில் என்ன வருகிறது?

அப்பா: 'பதிவிறக்கம் 80 ஜிபி, மீதி நேரம் 9 மணி.' இன்றைக்கு வண்டி நகராது போல. ஏம்மா...

மகள்: என்னப்பா?

அப்பா: இந்த ஒன்பது மணி நேரத்தை என் கணக்கில் கழித்துவிட மாட்டாயே?