கையைக் கடிப்பது தள்ளுபடிதான்

ஓவியரின் படம் விற்றால் விலையில் பாதியை ஓவியக் கேலரி எடுத்துக்கொள்வது கொள்ளை என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 40, 50 சதவீதம் வழக்கத்தில் உள்ளதுதான். இடம், விளக்கு, வாங்குபவர்களின் தொடர்பு எல்லாம் அதில் அடக்கம். என் படம் ஒன்று விற்றபோது கையைக் கடித்தது தள்ளுபடி. வாங்கியவர் பேரம் பேசினார் என்று கேலரிக்காரர்கள் விலையில் 10 சதவீதம் குறைத்தார்கள். அது முழுக்க என் பங்கிலிருந்தே போனது. ஃபிரேம் செலவும் என் தலையில். தள்ளுபடியை யார் ஏற்பது, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், விற்காத படம் எப்போது திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. சரி, கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. அப்புறம், படத்தைச் சுவரில் மாட்டவே ஓவியரிடம் முன்பணம் கேட்கும் இடங்களை, விற்றால் மட்டும் பங்கு எடுக்கும் கேலரிகளோடு சேர்க்காதீர்கள். படம் விற்காவிட்டாலும் அவர்களுக்குக் காசு வந்துவிடுகிறது, விற்க எதற்கு மெனக்கெடப் போகிறார்கள்?