அம்மா கேட்பதற்காக ஓர் ஆல்பம்

ஒரே ஆண்டில் 118 ஆல்பங்கள். கிதார் கலைஞர் பக்கெட்ஹெட் 2015இல் வெளியிட்ட கணக்கு இது. மூன்று நாளைக்கு ஒன்று என்று வருகிறது. அந்த அக்டோபரில் மட்டும் ஹாலோவீன் நாளை எண்ணிக்கொண்டே தினம் ஒன்றாக வெளியிட்டார். இதைச் சொன்னதும் இசை கேட்கும் நண்பர்கள் பலர் உடனே கேட்பது, "இப்படிக் கொட்டிக்கொண்டே இருந்தால் அதில் சரக்கு என்ன இருக்கும்?" என்பதுதான். கேள்வி மாதிரி ஒலிக்கிறதே தவிர, உள்ளே தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. நிறையச் செய்கிறவர் நன்றாகச் செய்ய மாட்டார் என்ற தீர்ப்பு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஏன் என்று விளக்க, 1998 மார்ச்சில் வெளிவந்த 'கோல்மா' என்ற அவருடைய ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கெட்ஹெட்டைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். இயற்பெயர் பிரையன் கரோல். 1969இல் பிறந்தவர், கலிஃபோர்னியாக்காரர். முகத்தில் வெள்ளை முகமூடி, தலையில் கவிழ்த்த கோழிக்கறி வாளி, இதுதான் மேடைத் தோற்றம். மேடையில் பேசுவதே கிடையாது. இடையில் கிதாரை இறக்கி வைத்துவிட்டு நுஞ்சாக்கு என்ற சங்கிலியால் இணைத்த இரட்டைக் கம்பைச் சுழற்றுவார், ரோபோ மாதிரி ஆடுவார், முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பொம்மைகள் கொடுப்பார். இளம் வயதில் கிதார் கலைஞர் பால் கில்பர்ட்டிடம் பாடம் கேட்டவர். 2000 முதல் 2004 வரை கன்ஸ் அன் ரோசஸ் என்ற ராக் குழுவில் இருந்தார். வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குக் 'கிதார் ஹீரோ 2'இல் வரும் 'ஜோர்டன்' வழியாக அவரைத் தெரிந்திருக்கும். அந்த ஆட்டத்தில் விரல்களை முறித்துப் போடும் பாட்டு அது. ஆக, உலகத்துக்குத் தெரிந்த பக்கெட்ஹெட் என்றால் வேகம், வினோதம், இரைச்சல்.

'கோல்மா'வுக்கு முன்னால் வந்த ஆல்பங்களும் அப்படித்தான் இருந்தன. 1992இல் ஜப்பானில் வெளிவந்த 'பக்கெட்ஹெட்லேண்ட்', 1994இன் 'ஜயன்ட் ரோபாட்', 1996இன் 'த டே ஆஃப் த ரோபாட்' எல்லாம் ஒரு கற்பனைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் ராட்சதப் பொம்மைகள் முட்டி மோதிக்கொள்ளும் உலகம். எனக்குப் பிடித்த உலகம்தான். ஆனால் நோயில் படுத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் அதை ஓடவிட முடியாது.

அந்தச் சமயத்தில் அவருடைய அம்மா பெருங்குடல் புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். உடல் தேறிவரும் நாட்களில் அம்மா கேட்டு மகிழும்படியாக ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று மகன் நினைத்தார். அப்படிப் பிறந்ததுதான் 'கோல்மா'. அதில் இரண்டாவதாக வரும் இசையின் தலைப்பே 'ஃபார் மாம்', அதாவது அம்மாவுக்கு. பிற்பகுதியில் வருவது 'வாட்சிங் த போட்ஸ் வித் மை டாட்', அப்பாவோடு உட்கார்ந்து படகுகளை வேடிக்கை பார்ப்பது. பாடல் வரி ஒன்றுகூட இல்லாத ஆல்பம், தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டே யாரோடு பேசுகிறது என்று சொல்லிவிடுகிறது.

பெயரில்தான் எனக்கு முதலில் அதிர்ச்சி. கோல்மா என்பது சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர், அதைக் கல்லறைகளின் ஊர் என்றே சொல்லலாம். 1900இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் தன் எல்லைக்குள் புதிதாக யாரையும் புதைக்கக் கூடாது என்று தடை போட்டது. 1914இல், இருக்கிற கல்லறைகளையே காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம். நகரத்தில் புதைக்கப்பட்டிருந்தவர்கள் தோண்டி எடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் கோல்மாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்று அங்கே உயிரோடு வசிப்பவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். மண்ணுக்குள் இருப்பவர்கள் சுமார் 15 லட்சம் என்கிறார்கள். ஜீன்ஸுக்குப் பெயர் போன லீவை ஸ்ட்ராஸ், பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆல்பத்தில் 'ஹில்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்று ஓர் இசை வருகிறது. அந்தப் பெயரிலேயே கோல்மாவில் ஒரு யூதக் கல்லறை உண்டு, பழைய அமெரிக்க மேற்குப் பகுதியின் பெயர்பெற்ற காவல் அதிகாரி வையட் எர்ப் புதைக்கப்பட்ட இடம். "கோல்மாவில் உயிரோடு இருப்பது எவ்வளவு நல்லது" என்பது அந்த ஊர் மக்களே தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்ட வாசகம்.

அம்மா பிழைக்க வேண்டும் என்று வாசிக்கிற மகன், இப்படி ஓர் ஊரின் பெயரை ஏன் வைத்தார்? அவர் விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. எனக்குப் படுவதைச் சொல்கிறேன். நோயாளியின் வீட்டில் எல்லாரும் தவிர்க்கிற பேச்சு ஒன்று இருக்கும். அந்தப் பேச்சை இந்த ஆல்பம் தவிர்க்கவில்லை, அதற்காக ஒப்பாரியும் வைக்கவில்லை. சாவு பக்கத்து ஊரில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த மாதிரி வாசிக்கத் தொடங்குகிறது. அந்தத் துணிச்சல்தான் இதை 'மனதுக்கு இதமான இசை' என்று விற்கப்படும் ஆயிரம் தொகுப்புகளிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

இசைக்கு வருகிறேன். பேஸ் கிதாரில் பில் லாஸ்வெல், டிரம்ஸில் பிரெய்ன், செலோவும் வியோலாவும் டெர்ரி அன்டாலன். பெரும்பகுதி மெல்லிய, கீறல் இல்லாத கிதார் ஒலி. டிரம்ஸ் அவசரமில்லாமல் நடக்கிறது. 'ஃபார் மாம்' மெட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் கொஞ்சம் தாமதித்து விழும், அல்லது ஒரு தந்தி கூடுதலாக ஒரு கணம் அதிர்ந்து நிற்கும். அவ்வளவுதான் மாற்றம். அடுத்தது எங்கே தாமதிக்கும் என்று காது காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது.

'பிக் சர் மூன்' ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அதற்குள் முடிந்துவிடும். தனிக் கிதார். டிலே என்ற கருவியைக் கிதார் வாசிப்பவர்கள் அறிவார்கள்: மீட்டிய ஒலியைச் சற்று நேரம் தள்ளி மறுபடி ஒலிக்கச் செய்யும். இதில் அந்தத் தாமதம், கைகள் மீட்டும் இரண்டு சுரங்களுக்கு நடுவே முந்தைய சுரத்தின் எதிரொலி வந்து உட்காரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வாசிப்பவர் மீட்டுவது பாதி, கருவி திருப்பித் தருவது மீதி. கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகி, நீர்த்துளிகள் இடைவிடாமல் தெறிப்பதுபோல் விழுகிறது. வாசிக்க முயன்றால்தான் இதன் கடுமை புரியும். எதிரொலி யாருக்காகவும் காத்திருக்காது. கை மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் குழம்பிப்போகும். பக்கெட்ஹெட்டின் வேகம் எங்கேயும் போய்விடவில்லை. அது இங்கே காலத் துல்லியமாக மாறியிருக்கிறது. கேட்பவருக்கு அந்த உழைப்பு தெரியவே தெரியாது.

'மஷெட்டி'யில் மட்டும் மின்கிதாரின் கர்ஜனை எழுகிறது. அமைதியான ஆல்பத்தில் இது எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அம்மாவுக்குப் பிள்ளையின் சாந்த முகம் மட்டுமா தெரியும்? அவன் கத்திக் கூப்பாடு போட்டதையும் கேட்டு வளர்த்தவள்தானே. அந்தக் கர்ஜனை இல்லையென்றால் 'கோல்மா' பாதி மனிதனின் ஆல்பமாகியிருக்கும்.

அடக்கம் என்ற குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான்கு சுரம் மட்டுமே தெரிந்தவர் நான்கு சுரம் வாசிப்பது வேறு. நானூறு கைவசம் இருந்தும் நான்கோடு நிறுத்துவது வேறு. 'விஷிங் வெல்' கேட்கும்போது, இந்த இடத்தில் அவர் ஓடியிருக்கலாமே, ஓடவில்லையே என்று பல இடங்களில் தோன்றும். ஓடக்கூடியவர் என்று நமக்குத் தெரிவதால்தான் அந்த நிதானத்துக்கு இத்தனை கனம்.

ரசிகர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இங்கேதான். 'கோல்மா'வை விதிவிலக்கு என்று தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். "பக்கெட்ஹெட் பிடிக்காதவர்களுக்கும் இது பிடிக்கும்" என்று சிபாரிசு செய்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனாலும் மற்ற நூற்றுக்கணக்கான ஆல்பங்களை அது ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது. என் கருத்து நேர் எதிரானது. அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் 'கோல்மா'வில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவர் யாருக்கு வாசிக்கிறார் என்பது இங்கேதான் வெளிச்சமாகத் தெரிகிறது. அவர் ஒரு பெயருக்கு, ஒரு முகத்துக்கு வாசிக்கிறவர். 2006இல் வந்த 'சூத்சேயர்' அவருடைய மிகப் புகழ்பெற்ற இசைகளில் ஒன்று. ஆன்ட் சூஸி என்ற உறவினருக்குக் காணிக்கை என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. 2002இன் 'எலக்ட்ரிக் டியர்ஸ்' ஆல்பத்தில் ஓர் இசை ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுக்கு. இப்படித் தேடிப் பார்த்தால் அம்மா, அப்பா, உறவினர், ஆசான் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வேண்டியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர் இந்த ஆண்டு எத்தனை கடிதம் என்று எண்ணுவதில்லை, போன கடிதத்தைவிட இது உயர்ந்ததா என்று தராசு பிடிப்பதும் இல்லை. 2011இல் தொடங்கிய 'பைக்' என்ற சிற்றால்பங்களின் வரிசையை நான் அப்படித்தான் கேட்கிறேன். ஒவ்வொன்றும் அரைமணி நேரம் அளவில் சிறியது. 2017இல் ஒரு நீண்ட பேட்டியில் பெற்றோர் இருவரையும் இழந்ததைப் பற்றியும் தன் இதயத் துடிப்பின் கோளாறைப் பற்றியும் அவர் மனம் திறந்து பேசினார். அதைக் கேட்ட பிறகு, இந்த மனிதர் ஏன் நிறுத்தாமல் வாசிக்கிறார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வரிசையில் எல்லாமே முத்து என்று நான் சாதிக்கவில்லை. ஒரே கனமான தாளத்தை அரைமணி நேரம் இழுக்கும் ஆல்பங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாத ஆல்பங்களும் இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும். எதிர்முனையையும் பாருங்கள்: அவர் இருந்த கன்ஸ் அன் ரோசஸ் குழு 'சைனீஸ் டெமாக்ரசி'யில் உள்ள 14 பாடல்களை வெளியிடப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2008இல் அது வந்தபோது பக்கெட்ஹெட் குழுவைவிட்டு விலகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வாசித்த கிதார் மட்டும் அதில் இருந்தது. செதுக்கிச் செதுக்கிக் காலம் கடத்தினால் தரம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அதையும் 'கோல்மா'வையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் பேசட்டும்.

கேட்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள். 'வைட்வாஷ்' தொடங்கிக் கடைசி வரை வரிசையாகப் போகட்டும். 'கோஸ்ட்' இரண்டு பகுதியாக இடைவெளி விட்டு வருவதும், 'லோன் சால் பக்', 'சாங்க்டம்' இரண்டும் பிற்பாதியில் இருப்பதும் வரிசையில் கேட்டால்தான் பொருள்படும். வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டாலும் தவறில்லை, படுத்திருப்பவர் அரைத் தூக்கத்தில் கேட்பதற்கென்றே வாசித்தது. ஆனால் முதல் தடவையாவது கூடவே உட்கார்ந்து கேளுங்கள். பிடித்துப்போனால் அடுத்தது 'எலக்ட்ரிக் டியர்ஸ்'. அதற்குப் பிறகு 'பைக்' வரிசைக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன், பின்னூட்டத்தில் கேளுங்கள், தருகிறேன்.