தறியில் ஏறாத சேலை

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு பட்டுச்சேலை வாங்கினேன். படத்தில் அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் பார்டர், முந்தானை முழுக்க மயில் வரிசை. பெட்டியைப் பிரித்ததும் அம்மா முந்தானையைத்தான் முதலில் விரித்தாள். மயிலே இல்லை. பார்டரைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தவள், "இது அச்சடிச்சது, நெய்ததில்ல" என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்புக்குள் போகும் மயில், மறுபக்கம் வெளியே வரும்போது இலையாகியிருந்தது. மாடலின் கையில் இரண்டு வளையல்கள் ஓரிடத்தில் ஒன்றாக ஒட்டியிருந்தன. அந்தப் பெண்ணும் இல்லை, அந்தச் சேலையும் இல்லை. இரண்டையும் ஏஐ வரைந்திருக்கிறது.

ஏமாந்ததைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது: காஞ்சிபுரத்தில் கோர்வை போடுவதற்கு, அதாவது வேறு நிறக் கரையை உடலோடு கோத்து நெய்வதற்கு, மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறிக்கருவி) வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு இழைக்கும், உடலும் கரையும் கைகோத்துக்கொண்டே வர வேண்டும். அந்தப் படத்தில் கரையும் உடலும் சேரும் இடம் வழவழவென்று, பெயிண்ட் அடித்த கோடு மாதிரி இருக்கிறது. தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்தவரின் நிஜச் சேலை, போட்டோவில் இந்தப் பொய்யோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. போன மாதம் ஃபிரிட்ஜ் வாங்கும்போது போன் கேமராவை அடுப்படி மூலைக்குக் காட்டினேன். அங்கே ஃபிரிட்ஜ் நிற்கிற மாதிரியே திரையில் தெரிந்தது, கதவு திறக்க இடம் போதாது என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துபோனது. மேசை, சோபா விற்கும் ஐக்கியா நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ஆகுமெண்டட் ரியாலிட்டி ஆப்பும் இதே வேலையைத்தான் செய்தது. சோபாவின் உண்மையான நீள அகலத்தை வைத்து, அதை நம் வீட்டுத் தரையில் நிறுத்திக் காட்டியது. அங்கே பொருள் இருக்கிறது, அளவும் இருக்கிறது. சேலைப் படத்தில் இரண்டுமே இல்லை, வெறும் யூகம்தான். இந்த இரண்டு விதத்தையும் "ஸ்மார்ட் ஷாப்பிங்" என்று ஒரே பெயரில் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் 2020-இல் வந்த மின்வணிக விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். நான் செய்தேன், பணம் வந்தது. ஆனால் அம்மா விசேஷத்துக்குப் பழைய சேலையைத்தான் கட்டினாள்.

ஏஐ வரைந்த படமென்றால் படத்தின் மேலேயே அப்படி எழுதட்டும். கூடவே நிஜச் சேலையின் போட்டோ ஒன்றாவது இருக்கட்டும். அதுவரைக்கும், ஆன்லைனில் பட்டு எடுப்பவர்கள் முந்தானையின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கையில் சேலை வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை.