அப்பா வாங்கிய ஷட்டர் டிவி

கே.கே. நகரில் நண்பர் ஒருவர் வீடு கட்டிக் குடிபோனார். பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு பழைய ஷட்டர் டிவி, அதாவது திரையை மூட இழுப்புக் கதவு வைத்த மரப்பெட்டி டிவி. பளபளவென்று வார்னிஷ் அடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, சின்ன விளக்கு போட்டுப் பீங்கான் பொம்மைகளை அடுக்கியிருந்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையில் வாங்கியதாம். "யார் வீட்டு டிவி?" என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அவருடைய அம்மா வீட்டுப் பரணில் ஒரு பழைய டயனோரா டிவி கிடந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். பரணிலிருந்து இறக்கக் கை கொடுத்தவன் நான்தான். அதனால்தான் அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய டிவியை அலங்காரமாக வைப்பதில் எனக்கு முழுச் சம்மதம். நம் வீட்டுப் பழசை எடைக்குப் போட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத வீட்டுப் பழசை விலை கொடுத்து வாங்கி வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. காரைக்குடிக் கடைகளில் தூணும் கதவும் நிலையும் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒவ்வொன்றும் யாரோ விட்டுக்கொடுத்தது. இப்போது அந்த வரிசையில் டிவியும் சேர்ந்துவிட்டது.

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு சாலிடேர் டிவி, கொடைக்கானல் ஒளிபரப்பு வருவதற்கு முன்பே வந்தது. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சிக்காக மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனா கட்டியிருந்தார் அப்பா. மெட்ராஸ் தொலைக்காட்சியும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியும் பிறகுதான். டிவியின் ஷட்டருக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி அம்மாவின் இடுப்புக் கொத்தில் இருக்கும். பரீட்சை மாதத்தில் அந்தக் கொத்து குலுங்கும் சத்தத்துக்கே நாங்கள் புத்தகத்தைப் பிரித்துவிடுவோம்.

அப்பா போன பிறகு அது மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. இந்த வருடம்தான் எங்கள் தெரு ஆசாரியை அழைத்து வந்து காட்டினேன். ஷட்டரை இழுத்துப் பார்த்தார், பாதியில் நின்றது. பின்பலகையைக் கழற்றியதும் ஒட்டடையோடு இரண்டு கொண்டை ஊசிகளும் ஒரு 25 காசும் விழுந்தன. காற்றுத் துளை வழியாக நாங்கள் யாரோ போட்டதாகத்தான் இருக்கும். ஷட்டர் என்பது ஒரே பலகை இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. விரல் அகலச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பின்னால் துணி ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அது பாய் சுருளுவதுபோல வளைந்து பக்கவாட்டில் போய் ஒளிந்துகொள்கிறது. துணி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. பழைய வேட்டித் துண்டை வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டினார். பிறகு மெழுகுவர்த்தியை எடுத்து ஷட்டர் ஓடும் காடி முழுக்கத் தேய்த்தார். "இப்போது தள்ளிப் பாருங்கள் தம்பி" என்றார். ஒரே விரலில் போனது. அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா எழுந்து வந்துவிட்டார்.

பழைய டிவியை இப்படி மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிக்சர் டியூபை நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே காற்றே இல்லாத கண்ணாடிக் குடுவை அது. தட்டுப்பட்டு உடைந்தால் உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகள் நாலாபக்கமும் தெறிக்கும். டிவி ஓடும்போது அதில் ஏறும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் தங்கியிருக்கலாம். எங்கள் மெக்கானிக் இத்தனை வருடம் கிடந்த டிவியிலும் முதலில் அந்த மிச்ச மின்சாரத்தைக் கம்பி வழியாக இறக்கி எர்த் செய்த பிறகுதான் டியூபின் மேலிருந்த ரப்பர் மூடியைத் தொட்டார். அதைவிடக் கொடுமை, எடைக்கு வாங்குகிறவர்களில் சிலர் செம்புக் கம்பிக்காக டியூபின் கழுத்தை உடைத்துவிட்டு மீதியைக் கண்மாய்க் கரையில் வீசிவிடுவது. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கரையில் ஆடு மேய்கிறது, மழை பெய்தால் எல்லாம் தண்ணீருக்குள் போகிறது. 2023 ஏப்ரல் முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் டியூபை உடையாமல் ஒப்படையுங்கள். இது முடியாவிட்டால் டிவியைப் பிரிக்காமல் அப்படியே துடைத்து வையுங்கள், அதுவும் அழகுதான்.

டிவிக் கூட்டுக்குள் மீன் தொட்டி வைக்க வேண்டாம் என்பதும் என் கட்சி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. டிவிப் பெட்டியின் நான்கு ஒல்லிக் கால்கள் இவ்வளவு கனத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு சொட்டு கசிந்தாலும் ஒட்டுப்பலகை ஊதிக்கொள்ளும். எங்கள் வீட்டில் டிவிக் கூட்டுக்குள் இரண்டு தட்டு அடித்து அப்பாவின் புத்தகங்களையும் அம்மாவின் மாத்திரை டப்பாவையும் வைத்திருக்கிறோம். பரீட்சை நேரத்தில் பேரன்களின் கைபேசிகளும் அதற்குள்தான். பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது அம்மா.

தேக்கும் ஷட்டரும் இருந்தால்தான் பழைய டிவிக்கு மரியாதை என்பதும் எனக்கு உறுத்துகிறது. 2006-இல் வந்த ஆட்சி கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிதான் எத்தனையோ வீடுகளில் முதல் டிவி. ஊர் மடத்திலும் அடுத்த வீட்டு வாசலிலும் நின்று பார்த்தவர்கள் முதன்முதலாகத் தங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தது அதில்தான். பிளாஸ்டிக் என்பதால் அதை எந்தக் கடையிலும் அலங்காரமாக வைத்து நான் பார்க்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் என் அக்கா வீட்டில் அந்த டிவி இருக்கிறது. பழுதான பிறகு டியூபையும் மற்றதையும் மெக்கானிக் எடுத்துவிட, வெறும் கூட்டைத் தூக்கிப்போட அக்காவுக்கு மனம் வரவில்லை. "என் பெயருக்கு வந்தது, இருக்கட்டும்" என்றது. திண்ணை ஓரத்தில் வைத்து, அடியில் மணல் பரப்பி வைக்கோல் போட்டு, திரை இருந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறது. போன மாதம் கோழி அதற்குள் அடைக்கு உட்கார்ந்தது. 11 முட்டை வைத்ததில் 9 பொரித்துவிட்டது.