பாரோய்க்கு இந்த வருசமும் போவேன்

என் அப்பா பிறந்தது 1948-இல். அந்த வருசம்தான் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலக் காற்பந்துக் குழு மலேசியக் கிண்ணம் வென்றது. அப்போது அதற்கு மலாயாக் கிண்ணம் என்று பெயர். அடுத்த முறை அதே கிண்ணம் எங்கள் மாநிலத்துக்கு வந்தபோது அப்பாவுக்கு 61 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, பிள்ளைகளைக் கரையேற்றி, தோட்டத்து வீட்டைக் காலி செய்து, பகாவ் டவுனில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்து, முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொந்த மாநிலக் குழுவை ஆதரிப்பவர்களைப் பார்த்து, "நீங்கள் அரை மனசோடு ஆதரிக்கிறீர்கள், நம்பிக்கையே இல்லாமல் பேசுகிறீர்கள்" என்று அண்மையில் ஒரு தம்பி சொன்னார். இந்த வருசம் எப்படி என்று கேட்டார். "பார்ப்போம்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் ஜொகூர் குழுவின் ரசிகர். 2014 தொடங்கி 2024-25 வரை பதினொரு பருவம் வரிசையாக லீக் பட்டம் வென்ற குழு அது. அவருக்கு "பார்ப்போம்" என்ற சொல் தேவைப்பட்டதே இல்லை. அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை என்று அவர் நினைப்பது தப்பு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ரப்பர் மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும், மரத்தில் கட்டிய மங்குக்கு வராது. மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை, வருமானமும் போச்சு. அப்பா ராத்திரி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மேகம் கட்டியிருக்கும். அம்மா "நாளைக்கு வேலை இருக்குமா?" என்று கேட்பார். "பார்ப்போம்" என்பார் அப்பா. சொல்லிவிட்டு உள்ளே வந்து, கல்லை எடுத்து, பால் வெட்டும் கத்தியைத் தீட்டுவார். மழை வரும் என்று உறுதியாகத் தெரிந்த ராத்திரியிலும் தீட்டுவார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, மறுபடி வெளியே போய் மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். நான் "பார்ப்போம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

காற்பந்தும் அவரிடமிருந்து வந்ததுதான். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஒரு திடல் இருந்தது. ஒரு பக்கம் சரிவு, கோல் கம்பத்துக்குப் பின்னால் பால்மரக் காடு. பந்து உள்ளே போனால் தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக் குழு லாரியில் வந்து இறங்கும். இப்போது அந்தத் திடல் இல்லை, மரமும் இல்லை. எல்லாம் செம்பனை. அங்கே இருந்த குடும்பங்கள் சிரம்பான், நீலாய், கிள்ளான் என்று சிதறிவிட்டன. எங்கள் லயத்துப் பிள்ளைகள் முன்பு கல்யாண வீட்டிலும் கேத வீட்டிலும்தான் பார்த்துக்கொள்வோம். அப்புறம் மாநிலக் குழு ஆடும் பாரோய் விளையாட்டரங்கில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தோம். மஞ்சள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முடி நரைத்த ஒருவர் வந்து "நீ மூணாவது லயம்தானே?" என்று கேட்பார். எனக்கு மாநிலக் குழு என்றால் பாதி இதுதான். மான்செஸ்டர் குழுவை நான் விரும்பித் தேர்ந்தெடுக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். இது அப்படி இல்லை. ஊரோடு சேர்ந்து வந்தது.

பகாவ் ஆட்களுக்கு இன்னொரு வசதி. கோலப்பிலா தாண்டி மலை இறங்கினால், சிரம்பான் வருவதற்கு முன்பே பாரோய் வந்துவிடும். அந்தக் காலத்தில் புக்கிட் பூத்துஸ் பழைய சாலை வளைவு வளைவாக இருக்கும். இரவல் வேனில் பதினொரு பேர் நெருக்கிக்கொண்டு போவோம். யாராவது ஒருவர் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்ததில்லை. தோற்றுவிட்டுத் திரும்பும்போது அந்த வளைவுகள் இன்னும் நீளமாகத் தெரியும். இப்போது நல்ல சாலை வந்துவிட்டது.

2006-இல்தான் முதல்முறை நன்றாக அடிபட்டேன். அந்தப் பருவம் முதல் தர லீக்கான சூப்பர் லீக் பட்டம் எங்களுக்கு. கிண்ண இறுதியாட்டத்துக்கும் வந்துவிட்டோம். இரண்டும் நம்முடையதுதான் என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னேன். பெர்லிஸ் 2-1 என்று ஜெயித்தது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை.

2009 இறுதியாட்டத்தில் கிளந்தானை 3-1 என்று வென்றோம். புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு என்னோடு வாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். கால் வலி என்று வரவில்லை, வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். விசில் ஊதியதும் அரங்கத்திலிருந்து போன் போட்டேன். என்னைச் சுற்றி "ஹோபின் ஜாங் ஹோபின்" என்று கூரை அதிர ஒரே கத்தல், அவர் பேசுவது சரியாகக் காதில் விழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "முடிஞ்சிருச்சா? உண்மையாவே முடிஞ்சிருச்சாப்பா?" பிறந்த வருசத்திலிருந்து காத்திருந்தவர் அப்படித்தான் கேட்பார். அந்தக் குழுவில் எஸ். குணாளன் இருந்தார் என்பது அவருக்குத் தனிச் சந்தோசம். "நம்ம பையன்" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வருசம் அதே கிளந்தான் இறுதியாட்டத்தில் எங்களை 2-1 என்று தோற்கடித்தது. 2011-இல் திரங்கானுவை வீழ்த்தி மறுபடி கிண்ணம். கொஞ்ச வருசத்தில் இரண்டாம் தரத்துக்கு இறங்கிப் பல வருசம் அங்கேயே கிடந்தோம். 2018-இல் மேலே வந்தோம், அதே வருசம் கீழே போனோம். பிறகு கே. தேவன் பயிற்றுநராக வந்தார். 2021-இல் இரண்டாம் தர லீக்கான பிரிமியர் லீக் பட்டத்தோடு ஏறி, 2022-இல் சூப்பர் லீக்கில் நான்காவது இடம். அந்த வருசம் பாரோயில் உட்கார்ந்திருந்தது, நல்ல மழைக்குப் பின் வெயில் அடித்தது போல இருந்தது.

இப்போது என் கவலை வேறு. 2025-இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்து விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. கெடா யார்? 2007, 2008 என்று இரண்டு பருவம் தொடர்ந்து லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் என மூன்று பட்டங்களையும் வென்ற குழு. பேராக் 2018-இல் மலேசியக் கிண்ணம் வென்றது, இறுதியாட்டத்தில் 3-3 சமநிலைக்குப் பிறகு பினால்டியில். சுங்கை சிப்புட்டில் என் மாமா மகன் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறான். இன்று அவனுக்குச் சனிக்கிழமை இரவு போவதற்கு இடம் இல்லை. தோற்றால் அடுத்த வாரம் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் குழுவே இல்லாமல் போனால் எதைப் பார்ப்பது?

அதனால் பருவம் தொடங்கும்போது இப்போதெல்லாம் யாரை ஒப்பந்தம் செய்தார்கள் என்று முதலில் பார்ப்பதில்லை. சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிக்கிறேன். உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் போகிறேன், இலவச டிக்கெட் யாராவது நீட்டினாலும் வாங்குவதில்லை. இதை அரை மனசு என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். கிண்ணம் வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. அதற்கு முன்னால் குழு உயிரோடு இருக்க வேண்டும், அரங்கத்தில் விளக்கு எரிய வேண்டும்.

அப்பா இப்போது இல்லை. போன வாரம் என் மகள் ஜெர்சி கேட்டாள். கடைக்காரர் அவள் அளவுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு அளவு பெரியதாகப் பார்த்து வாங்கினேன். கை முழங்கைக்குக் கீழே தொங்குகிறது. அடுத்த வருசத்துக்கும், அதற்கடுத்த வருசத்துக்கும் போட வேண்டுமே.