நீலகிரியில் ‘சமவாய்ப்பு மாதிரி’ எடுத்தோம் என்கிறவர்களுக்கு

நீலகிரி மக்களைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: “எளிய சமவாய்ப்பு முறையில் 400 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.” எந்தப் பட்டியலிலிருந்து, யார் குலுக்கினார்கள், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு என்ன செய்தார்கள் என்று தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரேஷன் கடை வரிசை, சாலையோர ஹட்டி (படுகர் ஊர்) என்று கண்ணில் பட்டவர்களைக் கேட்டு முடித்த பிறகு அந்த வாக்கியத்தை ஒட்டிவிடுகிறார்கள். கண்ணில் பட்டவர்களைக் கேட்பது குற்றமில்லை. அதற்கு வசதி மாதிரி என்று பெயர் இருக்கிறது, அப்படியே எழுதலாம். ‘ராண்டம்’ என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்று மாணவரை நெருக்கும் வழிகாட்டிகளுக்கும் இந்தப் பொய்யில் பங்குண்டு.

முதலில் அந்த 400. மக்கள்தொகையை, அதே மக்கள்தொகையைப் பிழை அளவின் வர்க்கத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். 5 சதவீதப் பிழை வைத்தால் 400. தமிழ்நாட்டின் 7.21 கோடியைப் போட்டாலும் அதே 400தான். “இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு 400 போதுமா, பத்து சதவீதமாவது வேண்டாமா?” என்று வாய்மொழித் தேர்வில் கேட்பவர்கள் தப்பான இடத்தில் சந்தேகப்படுகிறார்கள். அந்தக் கணக்கு முழுப் பட்டியலும் கையில் இருந்து, அதிலிருந்து ஒவ்வொருவராகக் குலுக்கி எடுத்தால் மட்டுமே பொருந்தும். மலையில் யாரும் அப்படி எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

குலுக்கல் நமக்குப் புதிதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புவாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரே ஓலையை எடுக்க, வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். இன்றைய பாடப்புத்தகத்தில் படுகை மாதிரி (மொத்தத்தை வகைகளாகப் பிரித்து ஒவ்வொரு வகையிலிருந்தும் தனியாகக் குலுக்குவது) என்று வருவது இதுவே. யார் தேர்வாகலாம், யார் கூடாது என்ற தகுதிப் பட்டியல் அங்கே குலுக்கலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. குலுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1969 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த ராணுவ ஆள்சேர்ப்புக் குலுக்கல் காட்டியது. பிறந்த தேதிகளை உருளைக் குப்பிகளில் அடைத்தவர்கள் சரியாகக் கலக்கவில்லை. வருடக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் எண்கள் அதிகமாக முன்னால் வந்தன.

இப்போது குலுக்கலுக்கு எக்செல் போதும். வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் ‘ரேண்ட்’ சூத்திரத்தில் ஒரு பத்தி நிரப்பி, அதை வெறும் மதிப்பாக ஒட்டி, அதன்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான எண்ணிக்கையை எடுங்கள். மதிப்பாக ஒட்டாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் எண்கள் மாறும். பிடித்த ஊர் வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம் என்ற ஆசையும் அங்கேதான் பிறக்கும். ‘ரேண்ட்பிட்வீன்’ என்றால் ஒரே எண் இரண்டு தடவை வரலாம். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. மற்ற ஐந்து வாரம் பட்டியலுக்கு.

இந்த மலையில் பட்டியல் ஏன் இத்தனை கஷ்டம்? வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் கிடையாது. கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பெயர் இருக்கும், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளி பெயர் இருக்காது. வருவாய்க் கிராமத்தை ஓர் ‘ஊர்’ என்று எடுத்தால் இன்னும் மோசம். சமவெளி நினைப்பில் கிராமம் என்றால் ஒரு குடியிருப்பு. இங்கே ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டி, எஸ்டேட் லைன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்பு, தோடர் பழங்குடியினரின் மந்து, கூடலூர்ப் பக்கமானால் பணியர் பழங்குடியினரின் பாடி எல்லாம் அடங்கிக் கிடக்கும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்களை நம்பி இறங்கினால், காலியான லைன்களும் புதிதாக முளைத்த காலனிகளும் காலை வாரிவிடும்.

நாம் பரிந்துரைக்கும் வழி இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வீடுகளின் பட்டியல் வேண்டாம், குடியிருப்புகளின் பட்டியல் போதும். பெயர், ஏறத்தாழ எத்தனை வீடு, தார் ரோட்டிலிருந்து எத்தனை தூரம் என்று மூன்று பத்தி. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், எஸ்டேட் அலுவலகம், ஊராட்சி வரிப் பதிவேடு என்று எதையும் தனியாக நம்பாமல் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணலாம்தான், ஆனால் மரத்தடிப் பாடிகளும் மூடுபனியும் ஏமாற்றும். தேசியக் குடும்பநல ஆய்வில் செய்வது போல, 40 வீட்டுக்குக் குறைந்த குடியிருப்பைப் பக்கத்துக் குடியிருப்போடு சேருங்கள். 300 வீட்டைத் தாண்டுவதைத் துண்டுகளாகப் பிரியுங்கள். பிறகு ஹட்டி, லைன், டவுன், பழங்குடிக் குடியிருப்பு என்று படுகைகளாக்குங்கள். தாலுகாவை மட்டும் படுகையாக எடுத்தால் போதாது. குன்னூர் தாலுகாவுக்குள் டவுனுக்கும் எஸ்டேட் லைனுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு தாலுகாக்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

எத்தனை குடியிருப்பு, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளஸ்டர் மாதிரிக்கு, அதாவது குடியிருப்பை ஒரு கொத்தாக எடுத்து அதற்குள் சில வீடுகளை மட்டும் கேட்பதற்கு, சரியாகப் பொருந்தும். ஒரே லைனில் ஒரே சம்பளம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே டிஸ்பென்சரி. அங்கே இருபது வீட்டில் கேட்டாலும் பதில் அதிகம் மாறாது. சோற்றைக் கூட்டிப் பயனில்லை, பானையைக் கூட்ட வேண்டும். கணக்கு இப்படி: கிளஸ்டருக்கு எத்தனை வீடோ அதில் ஒன்றைக் கழித்து, உள்ஒற்றுமைக் கெழுவால் (ஒரே கிளஸ்டரின் வீடுகள் தமக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதன் அளவு) பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். கெழு 0.05 என்று வைத்தால், கிளஸ்டருக்கு 10 வீடு எடுக்கும்போது 1.45 வரும். 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று வைத்தால் பெரிய கூட்டத்துக்கு வரும் அடிப்படை எண் 384 (முன்னால் சொன்ன 400 இதன் தோராய வடிவம்தான்). அதை 1.45-ஆல் பெருக்கினால் 557. பத்துக்கு ஒருவர் கிடைக்கமாட்டார் என்று 0.9-ஆல் வகுத்தால் 619, அதாவது 62 குடியிருப்பில் பத்துப் பத்து வீடு. ஜீப் வாடகையை மிச்சப்படுத்த கிளஸ்டருக்கு 20 வீடு என்று போனால் பெருக்கி 1.95 ஆகிறது, கிடைக்காதவர்களுக்காக 0.9-ஆல் வகுக்கும் முன்பே 749 வந்து நிற்கும். தண்ணீர், சம்பளம் போன்ற விஷயங்களில் கெழு இதைவிட எகிறும்.

குடியிருப்பைப் பொறுக்குவதற்கு வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் பட்டியல் தேவை. ஒரு பேச்சுக்கு மொத்தம் 12,400 வீடு என்று வைத்துக்கொள்வோம். 62-ஆல் வகுத்தால் இடைவெளி 200. 1 முதல் 200-க்குள் குலுக்கி 137 வந்தால் 137, 337, 537 என்று போங்கள். அந்த எண் எந்தக் குடியிருப்பின் கூட்டுத்தொகைக்குள் விழுகிறதோ அதுவே தேர்வு. பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் அங்கேயும் பத்தே வீடு என்பதால் எல்லா வீட்டுக்கும் சமமாக இருபதில் ஒரு வாய்ப்பு. ஊருக்குப் போய்ப் பார்த்தால் பட்டியலில் 90 என்றிருந்தது 137 வீடாக இருக்கிறதா? அப்போது வாய்ப்பு முப்பதில் ஒன்றாகிவிட்டது, அந்த வீடுகளுக்கு எடை (ஒரு வீடு எத்தனை வீட்டுக்காகப் பேசுகிறது என்ற எண்) 20-க்குப் பதில் 30. இந்த எடையைப் போடாமல் சராசரி எடுப்பவர்கள், வளர்ந்துவரும் ஊர்களைத் தெரியாமலே சுருக்கிக் காட்டுகிறார்கள்.

இரண்டாம் கட்டம்தான் கால் வலிக்கும் கட்டம். தேர்வான குடியிருப்பில் எல்லா வீட்டையும் நடந்து எண்ணி, கதவுக்குச் சாக்பீஸில் எண் போட்டு, கையால் ஒரு வரைபடம். மேல் ரோட்டில் தொடங்கி, ஓடைப் பக்கம் இறங்கும் கடைசி வீடுவரை. அந்த 137 வீட்டில் பத்து வேண்டுமென்றால் இடைவெளி 13.7. இதை 13 என்று முழுதாக்கினால் பத்தாவது வீடு 130-க்குள் முடிந்துவிடும். 131 முதல் 137 வரை எந்தக் குலுக்கலிலும் வராது. அவை எந்த வீடுகள்? பள்ளத்தின் அடியில், ரோட்டுக்கு மிகத் தொலைவில், ஆம்புலன்ஸ் வராத வீடுகள். 14 என்று ஏற்றினால் சில சமயம் ஒன்பதோடு நின்றுவிடும். தசமத்தை அப்படியே வைத்துக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் மேல் முழு எண்ணுக்கு ஏற்றுங்கள்.

லைன் வீட்டில் இன்னொரு பொறி. ஒரு லைனில் பத்துக் கதவு, உங்கள் இடைவெளியும் பத்து என்றால் எல்லா லைனிலும் ஓர வீடோ, எல்லா லைனிலும் நடுவீடோதான் வரும். ஓர வீட்டில் பக்கவாட்டில் நாலு கீரைப் பாத்தி போட இடம் இருக்கலாம், காற்றும் மழையும் அடிக்கும் சுவரும் அதே. இப்படிப்பட்ட இடத்தில் சம இடைவெளியில் எடுக்கும் முறைசார் மாதிரி வேண்டாம், நேரடியாகக் குலுக்கிவிடுங்கள்.

ஊர் நடுவில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் ஒரு வீட்டைப் பிடித்து, அங்கிருந்து அடுத்தடுத்து ஏழு பிள்ளைகள் கிடைக்கும்வரை போவது தடுப்பூசி ஆய்வுகளில் புகழ்பெற்ற 30க்கு 7 முறை. அதற்கென்று ஒரு நியாயம் இருந்தது. தடுப்பூசி விகிதத்தைப் பத்து சதவீதம் முன்பின்னாக அவசரமாகத் தெரிந்துகொள்ளப் போதும். சமதளத்திலேயே அது நடுவூர் வீடுகளுக்குச் சாதகம் செய்கிறது என்பது தெரிந்த குறை. இங்கே சரிவில் பேனா உருண்டு பள்ளத்தைப் பார்த்து நிற்கும். பாட்டிலைச் சுழற்றினால் தேயிலைச் செடிக்குள் போய்த் தேட வேண்டியதுதான்.

பூட்டிய வீடு. பகல் 11 மணிக்கு லைனில் இருப்பவர் யார்? வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், உடம்பு சரியில்லாதவர்கள். கொழுந்துக்குப் போனவர்கள் எடை போட்டுத் திரும்ப மாலையாகிவிடும். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ‘எஸ்டேட் தொழிலாளர் உடல்நிலை’ என்ற தலைப்பில் வேலைக்குப் போகாதவர்களின் உடல்நிலை வந்து நிற்கும். மூன்று தடவை, வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். இருட்டிய பிறகு கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து யாரும் களப்பணியாளரை அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. ஆகவே ஒரு தடவையாவது ஞாயிறு காலை. அப்போதும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு நகருங்கள். அதற்காகத்தானே 557-ஐ 619 ஆக்கினோம்.

வீட்டுக்குள்ளும் குலுக்கல் உண்டு. கதவைத் திறந்தவரையே கேட்பது குலுக்கல் ஆகாது. 18 வயது தாண்டியவர்களை வயது வரிசையில் எழுதி, வீட்டு எண்ணோடு முன்பே பொருத்தி வைத்த அட்டவணைப்படி ஒருவரை எடுங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு, தனியாளுக்கு முழு வாய்ப்பு. வீட்டின் எடையை அந்த ஆள் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள்.

மொழியை நம்மவர்கள் கணக்கில் சேர்ப்பதேயில்லை. படுகர்களின் மொழியான படுகு பேசும் பெண் கேட்கும்போது ஹட்டியில் வரும் பதிலும், கோவையிலிருந்து வந்த தம்பி தமிழில் கேட்கும்போது வரும் பதிலும் ஒன்றாக இருக்கும் என்று எப்படிச் சொல்வது? பந்தலூரில் மலையாளமும் வேண்டும். இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மாதிரியை இரண்டு பாதியாகக் குலுக்கிப் பிரித்து, ஒரே பகுதிக்கு இரண்டு அணிகளைத் தனித்தனியாக அனுப்புவது. குலுக்கலால் வரக்கூடியதைவிட அதிகமாக இரண்டின் விடையும் விலகினால் பிழை ஊரில் இல்லை, கேட்டவர்களிடம். ஊருக்கு ஓர் அணி என்று பிரித்துக் கொடுத்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தோடர்களிடம் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2011-இல் அவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். சிறு தொகைத் திருத்தம் (மொத்தக் கூட்டமே சிறிதானால் மாதிரியைக் குறைக்கும் கணக்கு) போட்டால் 384 என்பது 322 ஆகிறது, அதாவது ஆறு பேரில் ஒருவர். மந்துகளோ சில வீடுகள் மட்டும் கொண்டவை, சிதறிக் கிடப்பவை. இந்த அளவுக்கு வந்தபின் கேள்வியைச் சுருக்கி எல்லா வீட்டுக்கும் போய்விடுவது மேல். அதைவிட மேல், நூறாண்டுக்கு மேலாகக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களிடம் ஏற்கெனவே எடுத்த தரவைத் தேடிப் படிப்பது. கோத்தர்களின் ஏழு ஊர்களுக்கும் இதேதான்.

சுற்றுலாப் பயணிகளை ஆராய்கிறவர்கள் 2024 மே முதல் வந்த இ-பாஸ் பதிவைப் பார்த்து முழுப் பட்டியல் கிடைத்துவிட்டது என்று துள்ளுகிறார்கள். அது வண்டிகளின் பட்டியல், ஆட்களின் பட்டியலில்லை. அரசுப் பேருந்தில் வருபவர்களும் மலை ரயிலில் வருபவர்களும் அதில் கிடையாது. கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி என்று வழிகளையும் நேரத்தையும் சேர்த்துக் கட்டங்களாக்கிக் குலுக்கி, தேர்வான நேரத்தில் எத்தனையாவது வண்டி என்று நிறுத்திக் கேட்பது கஷ்டமானாலும் நேர்மையான வழி. பஸ்ஸுக்கு நிலையத்தில் தனிப் படுகை வையுங்கள்.

அறிக்கையில் ஐந்து எண் இருந்தால் நாம் நம்புகிறோம்: பட்டியலில் எத்தனை, தேர்வானது எத்தனை, பூட்டியிருந்தது, மறுத்தது, முடிந்தது. குலுக்கிய எக்செல் கோப்பையும் தேதியோடு பின்னிணைப்பில் வையுங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதத்தில் முடிக்க நினைத்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் பள்ளத்து வீடுகள் தவறும். வேறு வழியில்லாமல் ஜூலையில்தான் பந்தலூர் என்றால் எண் போட சாக்பீஸ் உதவாது, மெழுகு க்ரேயான் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பும்.